ஆட்டம் முடிந்தது... அடுத்து? கல்லூரிக் கூடைப்பந்து வீரர் பயிற்றுவிப்பாளர் ஆவது எப்படி?

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரம். கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தைப் பார்க்க அரங்கில் 70,000க்கும் மேற்பட்டோர் கூடியிருக்கின்றனர்.

டியூக் 61, பட்லர் 59. கடைசி விநாடி. பட்லர் அணியின் கோர்டன் ஹேவர்ட் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து பந்தை எறிகிறார். பந்து பலகையில் படுகிறது, வளையத்தில் படுகிறது, வெளியே விழுகிறது. டியூக் வெற்றி.

அந்த ஆட்டத்தில் இருந்த இரண்டு பேரைக் கவனியுங்கள்.

ஒருவர் ஜான் ஷையர். வயது 22. டியூக் அணியின் தலைவர். வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவில் நிற்கிறார். இன்னொருவர் பிராட் ஸ்டீவன்ஸ். வயது 33. தோற்ற பட்லர் அணியின் பயிற்றுவிப்பாளர்.

இருவருமே கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்கள். ஸ்டீவன்ஸ் அலுவலக வேலையை விட்டுவிட்டுப் பயிற்றுவிப்புக்கு வந்தவர். ஷையருக்கோ அப்போது அப்படி ஓர் எண்ணம் வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சில மாதங்களில் எல்லாம் மாறிவிட்டது.

"நல்லா விளையாடுறவங்க ரிட்டையர் ஆனா கோச் ஆயிடுவாங்க, அவ்வளவுதானே?" என்று நீங்கள் நினைக்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. கல்லூரி வீரர் பயிற்றுவிப்பாளர் ஆவது மாடியில் இன்னொரு படி ஏறுவது போன்றதல்ல. பெரும்பாலும் இறங்கி வந்து, கீழ்ப்படியிலிருந்து மறுபடி தொடங்குவது.

அது எப்படி நடக்கிறது? யாருக்கு ஒத்துவருகிறது? பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

அமெரிக்காவில் பல்கலைக்கழக அளவில் நடக்கும் விளையாட்டையே "கல்லூரி விளையாட்டு" என்கிறார்கள். அதில் பெரும்பகுதியை நிர்வகிக்கும் அமைப்பு என்சிஏஏ. அதன் உச்சப் பிரிவு, முதல் பிரிவு. அதில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆண்கள் கூடைப்பந்து ஆடுகின்றன.

பல ஆண்டுகளாக ஒரு கல்லூரி அணி 13 வீரர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்பது விதியாக இருந்தது. 350ஐ 13ஆல் பெருக்கிப் பாருங்கள். 4,500க்கும் மேல் வருகிறது. இது முதல் பிரிவு மட்டும்தான். இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் தனி.

இப்போது மறுபக்கம். என்பிஏ லீக்கில் 30 அணிகள். ஓர் அணியின் வழக்கமான ஒப்பந்தப் பட்டியலில் 15 பேர். மொத்தம் 450 இடங்கள். ஆண்டுதோறும் நடக்கும் என்பிஏ வீரர் தேர்வில் இரண்டே சுற்றுகள். ஏறக்குறைய 60 பேர்தான் தேர்வாவார்கள். அதிலும் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சில இடங்கள் போய்விடும்.

இதோடு காலக்கெடுவும் உண்டு. பொதுவாக ஒருவர் கல்லூரி அணிக்கு நான்கு பருவங்கள்தான் ஆடலாம். அதாவது 22, 23 வயதில் கதவு மூடப்படும். ஏழெட்டு வயதிலிருந்து பந்தோடு வாழ்ந்த ஒருவருக்கு, பட்டமளிப்பு விழா வரும்போது பாதை மூன்றாகப் பிரிகிறது: வெளிநாட்டு லீக், வேறு வேலை, அல்லது பயிற்றுவிப்பு.

மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எந்தப் படியில் தொடங்கவேண்டும்?

நேற்றுவரை ஆடியவர் இன்று நேராகத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆவது மிக அரிது. வழக்கமான படிகள் இவை:

• மேற்படிப்பு உதவியாளர்: முதுகலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே அணிக்கு வேலை செய்வது. படிப்புக் கட்டணம் பெரும்பாலும் கவனிக்கப்படும். கைக்கு வரும் பணம் கொஞ்சம்தான். பந்து பொறுக்கிக் கொடுப்பது, பயிற்சியில் எதிரணி வீரரைப் போல ஆடிக் காட்டுவது, விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

• காணொளி ஒருங்கிணைப்பாளர்: எதிரணியின் பல ஆட்டங்களைப் பார்த்து, தேவையான பகுதிகளை மட்டும் வெட்டி, வீரர்கள் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குச் சுருக்குவது. இருட்டு அறையில் மணிக்கணக்காக ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வேலை.

• செயல்பாட்டு இயக்குநர்: பயணம், தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு நேரம், பயிற்சி நேரம். பேர் பெரிதாக இருக்கும். வேலை, வீட்டுக் கல்யாணத்தை எடுத்து நடத்துகிற சித்தப்பா செய்வது போல. எதுவும் தவறாத வரைக்கும் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள்.

• துணைப் பயிற்றுவிப்பாளர்: இங்குதான் உண்மையான பயிற்றுவிப்பு. பெரிய உயரக்காரர்கள், பந்து கொண்டுவருபவர்கள் என்று ஒரு பிரிவைப் பொறுப்பேற்பது. அடுத்த எதிரணியைப் பற்றி அறிக்கை தயாரிப்பது. உயர்நிலைப்பள்ளி மாணவர்களைத் தேடிப்போய் அணிக்குச் சேர்ப்பது.

• தலைமைப் பயிற்றுவிப்பாளர்: எல்லா முடிவும் இவருடையது. எல்லாப் பழியும் இவருக்கே.

முன்பெல்லாம் இரண்டாம், மூன்றாம் படியில் இருந்தவர்கள் பயிற்சியின்போது வீரருக்கு நேரடியாக ஆட்டம் சொல்லிக்கொடுக்க விதி இடம்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கத்தான் வந்திருப்பார்கள், ஆனால் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டும்! 2023ஆம் ஆண்டு ஜூலையில் அது தளர்ந்தது. முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிகள் கூடுதலாக இருவரைப் பயிற்றுவிப்பில் ஈடுபடுத்தலாம் என்று என்சிஏஏ அனுமதித்தது. அந்த இருவரும் வெளியே சென்று மாணவர்களைத் தேடிச் சேர்க்க அப்போது அனுமதி இல்லை. ஆனாலும் களத்தில் இறங்கிக் கற்றுக்கொடுக்கலாம். இளம் பயிற்றுவிப்பாளர்களுக்கு அது பெரிய விஷயம்.

மூன்று பேர், மூன்று பாதை

*வேலையை விட்டவர்: பிராட் ஸ்டீவன்ஸ்*

இவர் ஆடியது டிபாவ் பல்கலைக்கழகத்தில். மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளமே கிடையாது. 1999இல் பொருளியல் பட்டம் பெற்றார். எலை லில்லி மருந்து நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்தது.

மறு ஆண்டே அந்த வேலையை விட்டார். பட்லர் அணியில் சம்பளம் இல்லாத தொண்டூழியராகச் சேர முடிவெடுத்தார். செலவுக்கு உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். நல்ல வேளையாக அணியில் ஒரு முழுநேர இடம் காலியானது, அவருக்குக் கிடைத்தது.

2007இல், 30 வயதில், பட்லரின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். 2010, 2011 என்று அடுத்தடுத்து இரண்டு முறை அந்தச் சிறிய கல்லூரியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுசென்றார். இரண்டிலும் தோல்வி. ஆனால் 2013இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக அழைத்துக்கொண்டது. 2021இல் அந்த அணியின் கூடைப்பந்து நிர்வாகத்துக்கே தலைவர் ஆனார். 2024இல் செல்டிக்ஸ் என்பிஏ வெற்றியாளர்.

*இருட்டு அறையில் தொடங்கியவர்: எரிக் ஸ்போல்ஸ்ட்ரா*

நம் வட்டாரத்தோடு தொடர்புள்ளவர். இவருடைய அம்மா பிலிப்பீன்ஸைச் சேர்ந்தவர். போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்துக்காக நான்கு ஆண்டு ஆடினார். பிறகு ஜெர்மனியில் ஒரு சிறிய குழுவில் ஆடிக்கொண்டே இளையர்களுக்குப் பயிற்றுவிப்பும் செய்தார்.

1995இல் மயாமி ஹீட் அணியில் சேர்ந்தார். காணொளிப் பிரிவில். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2008இல் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். இடையில் 13 ஆண்டு! 2012, 2013 இரண்டு ஆண்டும் என்பிஏ கிண்ணம் அவருடைய அணிக்கு. காட்சிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர், லெப்ரோன் ஜேம்ஸுக்கு ஆட்டத்திட்டம் சொல்லும் இடத்துக்கு வந்தார்.

*கனவு உடைந்தவர்: ஜான் ஷையர்*

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். 2010இல் கல்லூரிக் கிண்ணத்தை வென்ற ஷையர், அந்த ஆண்டு என்பிஏ வீரர் தேர்வில் தேர்வாகவில்லை. கோடைக்காலப் போட்டியில் மயாமி ஹீட் அணிக்காக ஆடி, திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு கிடைத்தது.

அங்கே எதிரணி வீரரின் விரல் கண்ணில் குத்தியது. கடுமையான காயம். பார்வை நரம்பே பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் விட்டுவிடவில்லை. இஸ்ரேலில் ஆடினார், ஸ்பெயினில் ஆடினார். ஆனால் என்பிஏ கதவு திறக்கவே இல்லை.

2013இல் டியூக்குக்குத் திரும்பினார். இந்த முறை காலணி மாட்டிக்கொண்டு அல்ல, குறிப்பேட்டோடு. அவருக்குக் கற்றுக்கொடுத்த மைக் ஷஷெவ்ஸ்கிக்கு உதவியாளராக. அடுத்த ஆண்டு துணைப் பயிற்றுவிப்பாளர். 2015இல் டியூக் மீண்டும் வென்றபோது பெஞ்சில் இருந்தார். 2022இல், 42 ஆண்டுகள் டியூக்கை வழிநடத்திய ஷஷெவ்ஸ்கி ஓய்வுபெற, அந்த நாற்காலி ஷையருக்கு வந்தது. அதற்குமுன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை.

மூன்று பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மூவருமே யாரும் பார்க்காத இடத்தில் பல ஆண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் கல்லூரியில் ஆடியவன்" என்பது அவர்களுக்குக் கதவைத் திறந்தது. உள்ளே போனபிறகு அது அவ்வளவாக உதவவில்லை.

ஆடுவதும் கற்றுக்கொடுப்பதும் ஒன்றா?

இல்லை. வேறுபாடு எங்கே என்று மூன்று இடங்களில் பார்க்கலாம்.

ஒன்று: கண். ஆடும்போது நீங்கள் உங்கள் எதிராளியைப் பார்க்கிறீர்கள், பந்தைப் பார்க்கிறீர்கள். "பிக் அண்ட் ரோல்" என்ற சாதாரண ஆட்டமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறிக்கிறார், பந்து வைத்திருப்பவர் அவரை ஒட்டி வெட்டிப் போகிறார், மறித்தவர் கூடையை நோக்கி ஓடுகிறார். ஆடுபவருக்கு இது மூன்று, நான்கு பேர் சம்பந்தப்பட்ட விஷயம். பயிற்றுவிப்பாளருக்கோ 10 பேர் சம்பந்தப்பட்டது. மறுபக்க மூலையில் நிற்கும் தற்காப்பு வீரர் அரை அடி உள்ளே நகர்ந்தாரா? அவர் நகர்ந்தால் மூலையில் யார் தனியாக நிற்கிறார்? அதை அந்த விநாடியிலேயே பார்க்கவேண்டும். இந்தப் பார்வை ஆடுவதால் மட்டும் வராது. காணொளி அறையில் செலவிடும் ஆண்டுகள் அதற்குத்தான்.

இரண்டு: வாய். நீங்கள் நன்றாக எறிவீர்கள். எப்படி என்று கேட்டால்? "கை தானா போகும்" என்பீர்கள். அது உங்களுக்குச் சரி. எதிரில் நிற்கும் 18 வயதுப் பையனுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. முழங்கை எங்கே, பாதம் எந்தப் பக்கம், பந்து எந்த விரலிலிருந்து கடைசியாக விடுபடுகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியவேண்டும். இயல்பாக வந்தவர்களுக்குத்தான் இது கஷ்டம். தட்டுத்தடுமாறிக் கற்றவர்களுக்கு ஒவ்வொரு படியும் ஞாபகம் இருக்கும்.

மூன்று: முடிவு. 2008ஆம் ஆண்டின் கல்லூரி இறுதியாட்டம். மெம்ஃபிஸ் அணி 3 புள்ளி முன்னணியில். சில விநாடிகளே மிச்சம். இப்போது என்ன செய்வது? கன்சஸ் வீரரை வேண்டுமென்றே தவறுசெய்து தடுத்தால், அவருக்கு இரண்டு இலவச எறிகள்தான். 3 புள்ளி எடுப்பது கடினம். தடுக்காமல் விட்டால் 3 புள்ளி எறி விழும் அபாயம். மெம்ஃபிஸால் நேரத்துக்குள் தடுக்கமுடியவில்லை. கன்சஸின் மாரியோ சால்மர்ஸ் எறிந்த பந்து உள்ளே போனது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. கன்சஸ் 75-68 என்று வென்றது.

ஆடுபவர் சொன்னதைச் செய்தால் போதும். என்ன சொல்வது, எப்போது சொல்வது, சொன்னது இரைச்சலில் கேட்டதா என்பது வரை பயிற்றுவிப்பாளர் தலையில். ஆயிரம் முறை ஒத்திகை பார்த்த விஷயமும் ஐந்து விநாடியில் கைநழுவலாம்.

நான்காவதாக இன்னொன்றும் உண்டு. அதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. சென்ற ஆண்டு உங்களோடு ஒரே அறையில் தங்கிய நண்பன் இந்த ஆண்டும் அணியில் இருக்கலாம். அவனிடம் நீங்கள் "தாமதமா வந்திருக்க, ஓடு" என்று சொல்லவேண்டும். அவன் ராத்திரி எங்கே போனான் என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்கமுடியாது. நட்பா, பொறுப்பா என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்.

பெரிய நட்சத்திரம் என்றால் நல்ல பயிற்றுவிப்பாளரா?

அப்படிச் சொல்லமுடியாது. பாப் நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் கிண்ணம் வென்றபோது அவர் அணியில் மாற்று வீரர். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தவர். பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு மூன்று கிண்ணம் வாங்கிக்கொடுத்தார்.

அவரிடம் ராணுவக் கல்லூரியில் ஆடியவர்தான் ஷஷெவ்ஸ்கி. ராணுவச் சேவை முடிந்து, 1974இல் நைட்டிடமே உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் டியூக்கில் ஐந்து கிண்ணம். அவரிடம் ஆடி, அவரிடமே உதவியாளராக இருந்தவர் ஷையர். மூன்று தலைமுறை! யாரிடம் கற்கிறீர்கள் என்பது இந்தத் துறையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

மறுபக்கம் பேட்ரிக் யூயிங். 1984இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குக் கிண்ணம் வாங்கிக்கொடுத்த நாயகன். என்பிஏயில் பெரும்புகழ் பெற்றவர். அவர் சும்மாவும் வந்துவிடவில்லை. என்பிஏ அணிகளில் பல ஆண்டு துணைப் பயிற்றுவிப்பாளராக உழைத்தார். 2017இல் தம் பழைய கல்லூரிக்கே தலைமைப் பயிற்றுவிப்பாளராகத் திரும்பினார். 2021இல் வட்டாரப் போட்டியை வென்றார். அடுத்த பருவத்தில் 31 ஆட்டங்களில் 25 தோல்வி. 2023இல் பதவி போனது.

திறமை, உழைப்பு, பேர் எல்லாம் இருந்தும் சில வேளை கைகூடுவதில்லை. இதையும் தெரிந்துகொண்டுதான் இந்தத் துறைக்குள் காலெடுத்து வைக்கவேண்டும்.

பணம்? உண்மையைச் சொல்லுங்கள்!

சரி, சொல்வோம். உச்சியில் இருக்கும் சில தலைமைப் பயிற்றுவிப்பாளர்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் படம்தான் தொலைக்காட்சியில் வரும். கீழே இருப்பவர்களின் நிலை வேறு.

ஒரு பழைய சம்பவம் அதை நன்றாகக் காட்டும். செலவைக் குறைக்க என்சிஏஏ 1991இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஆண்கள் கூடைப்பந்து அணியின் கடைநிலைப் பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கு, பள்ளி ஆண்டுக்கு 12,000 டாலரும் கோடைக்காலத்துக்கு 4,000 டாலரும் சேர்த்து மொத்தம் 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது. வேறு சில விளையாட்டுகளுக்கும் அதே வகை வரம்பு. திறமை இருந்தாலும் அவ்வளவுதான். கல்லூரியே கூடுதலாகக் கொடுக்க விரும்பினாலும் அவ்வளவுதான்.

அந்தப் பயிற்றுவிப்பாளர்கள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். முதலாளிகள் எல்லாரும் கூடிப் பேசிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்பது போட்டித்தன்மைச் சட்டத்துக்கு எதிரானது என்று வாதிட்டனர். வென்றனர். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1999இல் என்சிஏஏ 54.5 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

விதி போய்விட்டது. ஆனால் அது பிறந்த மனப்பான்மை முழுக்கப் போய்விடவில்லை. "இந்த வேலைக்கு வர எத்தனையோ பேர் தயார். அனுபவமே பெரிய சம்பளம்" என்ற பேச்சு இன்றும் உண்டு. வீட்டிலிருந்து பண உதவி கிடைப்பவர்கள் அந்த முதல் சில ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறார்கள். படிப்புக் கடன் உள்ளவர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டியவர்கள் பாதியிலேயே விலகிவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை நல்ல பயிற்றுவிப்பாளர்கள் இருந்திருப்பார்கள்? அதை யாராலும் எண்ணிச் சொல்லமுடியாது.

நேரத்தையும் பாருங்கள். பருவக் காலத்தில் ஒரு வீரரை வாரத்துக்கு 20 மணிநேரத்துக்கு மேல் அணி வேலைகளில் ஈடுபடுத்தக்கூடாது என்று என்சிஏஏ விதி சொல்கிறது. பயிற்றுவிப்பாளருக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

வேலைப் பாதுகாப்பும் குறைவு. தலைமைப் பயிற்றுவிப்பாளர் நீக்கப்பட்டால், புதிதாக வருபவர் தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பழைய துணைப் பயிற்றுவிப்பாளர்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

அண்மை ஆண்டுகளில் இன்னொரு மாற்றம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரம்வழி சம்பாதிக்கலாம். 2025இலிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். வீரர்கள் கல்லூரி மாறுவதும் முன்பைவிடச் சுலபம். அதனால் இன்றைய இளம் பயிற்றுவிப்பாளர், தம்மைவிட அதிகம் சம்பாதிக்கும் 19 வயது வீரருக்குத் தற்காப்பு ஆட்டம் சொல்லிக்கொடுக்கவேண்டி வரலாம். அவர் அடுத்த ஆண்டும் அதே அணியில் இருப்பார் என்ற உறுதியும் இல்லை.

பெண்களுக்குப் பாதை எப்படி?

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் "டைட்டில் நைன்" சட்டம் வந்தது. பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் கூடின. ஆனால் அதன்பிறகு பெண்கள் அணிகளுக்குப் பயிற்றுவிக்கும் பெண்களின் பங்கு குறைந்தது! அந்தக் காலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களே பயிற்றுவித்தனர். பிற்பாடு அது பாதிக்கும் கீழ் இறங்கியது. சம்பளம் கூடியதும் ஆண்கள் அந்த வேலைகளைத் தேடி வந்தார்கள் என்பது ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சூழலில் வந்தவர் டான் ஸ்டேலி. வர்ஜீனியா பல்கலைக்கழக வீராங்கனை. கல்லூரி நாள்களில் மூன்று முறை அரையிறுதிக் கட்டம் வரை சென்றும் கிண்ணம் கிட்டவில்லை. 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். அப்போது அவர் பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ லீக்கில் ஆடிக்கொண்டும் இருந்தார்! 2006 வரை இரண்டையும் சமாளித்தார். 2008இல் சவுத் கேரோலைனாவுக்குச் சென்றார். 2017, 2022, 2024 என்று மூன்று கிண்ணங்கள். ஆடும்போது கிடைக்காதது பயிற்றுவிப்பாளராகக் கிடைத்தது.

பெக்கி ஹேமன் இன்னொருவர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2013இல் முழங்காலில் காயம். ஆடமுடியாத அந்த மாதங்களில் வீட்டில் சும்மா உட்காரவில்லை. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் பயிற்சிகளுக்குப் போய் உட்கார்ந்து கவனித்தார். 2014இல் அந்த அணி அவரைத் துணைப் பயிற்றுவிப்பாளராக எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பர் 30ஆம் தேதி, தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டபோது, ஹேமன் பொறுப்பேற்றார். என்பிஏ ஆட்டம் ஒன்றை வழிநடத்திய முதல் பெண் அவர்தான்.

நீங்களும் யோசிக்கிறீர்களா?

நீங்கள் அமெரிக்காவில் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ அணிக்கு ஆடிக்கொண்டிருக்கலாம். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகத் தொடங்கியது, இன்னும் விடவில்லை. வேலை, தேசியச் சேவை, படிப்பு என்று வரிசையாக வரும்போது "இனி எனக்கும் பந்துக்கும் என்ன?" என்ற கேள்வி உங்களுக்கும் வரும்.

சிங்கப்பூரில் பயிற்றுவிப்பாளர்களுக்கென்று தேசியப் பதிவகம் இருக்கிறது. பயிற்றுவிப்புச் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி போன்றவை அதற்குத் தேவை. ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன் உங்களையே சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள்:

• ஆட்டத்தில் நீங்கள் இல்லாதபோதும் அது உங்களை ஈர்க்கிறதா? பெஞ்சில் உட்காரும்போது கைப்பேசியைப் பார்க்கிறீர்களா, ஆட்டத்தைப் பார்க்கிறீர்களா?

• தம்பி, தங்கைக்கோ அக்கம்பக்கப் பிள்ளைக்கோ ஒன்றைக் கற்றுக்கொடுத்து, அவர் பத்தாவது முறையும் தவறு செய்யும்போது பதினோராவது விதமாகச் சொல்லமுடிகிறதா?

• உங்கள் பெயர் எங்கும் வராத வேலையை இரண்டு, மூன்று ஆண்டு செய்வீர்களா?

• அந்த இரண்டு, மூன்று ஆண்டுக்குச் செலவுக்கு என்ன வழி? இதை வெட்கப்படாமல் வீட்டில் பேசுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள்தான் பாதியில் விலகுகிறார்கள்.

• யாரிடம் கற்கப்போகிறீர்கள்? பெரிய அணியில் மூலையில் நிற்பதைவிட, சிறிய அணியில் நல்ல ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பது மேல்.

முழுநேர வேலையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. வாரம் இரண்டு மாலை, அக்கம்பக்கக் களத்தில் பத்துப் பிள்ளைகள். அதிலேயே தெரிந்துவிடும் இது உங்களுக்கு ஒத்துவருமா என்று.

கடைசியாக ஒன்று

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 5. டியூக் மீண்டும் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில். இந்த முறை ஷையர் தலைமைப் பயிற்றுவிப்பாளர். எதிரணி ஹியூஸ்டன். இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் 14 புள்ளி முன்னணி. கடைசி ஒரு நிமிடத்துக்குள்ளும் 6 புள்ளி முன்னணி. முடிவு? ஹியூஸ்டன் 70, டியூக் 67.

அவர் ஆட்டக்காரராகக் கிண்ணம் வென்ற இரவுக்குச் சரியாக 15 ஆண்டு கழித்து அந்தத் தோல்வி.

ஆடுபவர் தோற்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். பயிற்றுவிப்பாளருக்கு அந்த வசதி இல்லை. செய்தியாளர்கள் காத்திருப்பார்கள். அதற்குமுன், அழுதுகொண்டிருக்கும் 18, 19 வயதுப் பிள்ளைகள் உடைமாற்றும் அறையில் காத்திருப்பார்கள். அவர்களிடம் ஏதாவது சொல்லவேண்டும். மறுவாரம் காணொளியைப் போட்டு, எங்கே தவறு என்று மறுபடி பார்க்கவேண்டும்.

அந்த அறைக்குள் போய் நிற்க உங்களுக்கு மனம் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை.